கடைசியாய் வாறவனுக்கு எட்டு

வியாழக்கிழமை பின்னேரம் சுதாஜினி கொண்டுவந்து கொடுத்த மூன்று தாள்களையும் தவராசா முதலில் தலைகீழாகத்தான் பிடித்தார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருப்பி நேராகப் பிடித்த பிறகும் அவருக்கு அதே அளவுதான் விளங்கியது.

நெடுக்கும் குறுக்கும் கோடு. கோட்டுக்குள் எண். எண்ணுக்குப் பக்கத்தில் சதவீதம். இளந்தென்றல் விளையாட்டுக் கழகத்துக்குப் பதினொரு வருடமாக உதைபந்தாட்டம் பழக்குகிற மனிதர் அவர். காலையில் வயல், பின்னேரம் பந்து. ஒருவன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தே அவன் மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்று சொல்லக்கூடியவர். அந்த ஓட்டத்தையெல்லாம் இப்படி எறும்பு வரிசையாக்கித் தாளில் விட்டால் அவர் என்ன செய்வார்?

கேட்டதென்னவோ அவரேதான். முள்ளியவளை மைதானத்தில் நடக்கும் ஞாபகார்த்தக் கிண்ணத்தில் கழகம் முதன்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பதினொரு பெயர் சொல்லவேண்டும். பெயர் சொல்லும் இடத்தில்தான் எப்போதும் சண்டை பிறக்கும். தங்கச்சியின் மகன் சிவகரனைப் போட்டால், மருமகன் என்றபடியால் போட்டார் என்று ஊர் சொல்லும். போடாவிட்டால் தங்கச்சி ஒரு மாதத்துக்குக் கதைக்கமாட்டாள். கழகத்துக்குச் சட்டை வாங்கி அனுப்பிய சுவிஸ்காரர் தொலைபேசியில், "இஞ்ச எல்லாம் கணக்குப் பாத்துத்தான் ஆளை இறக்குறவை" என்று சொன்னது தவராசாவுக்குத் தெய்வ வாக்காகக் கேட்டது. கணக்கு சொன்னால் யார் வாயைத் திறப்பார்கள்?

சுதாஜினி பக்கத்து வளவுப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துவிட்டு, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் ஆடு, கிணறு, மலசலகூடம் என்று எண்ணிக்கொண்டிருப்பவள். உதைபந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்பதே அவளுக்குத் தெரியாது. அதுவும் நல்லதுதான் என்று தவராசா நினைத்தார். வெளிநாட்டு உறவினர் பார்ப்பதற்காகக் கழகம் ஒவ்வொரு ஆட்டத்தையும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டிக்கு மேல் கைத்தொலைபேசியைக் கட்டி நேரலையாக விடும். அந்த ஏழு ஆட்டங்களின் காணொளியையும் அவளிடம் கொடுத்து, "பேர் ஒண்டும் வேண்டாம் பிள்ளை. சட்டையில இருக்கிற நம்பரை மட்டும் எழுது. பேர் எண்டால் பக்கச்சார்பு வந்திடும்" என்று சொன்னவரும் அவர்தான். சொன்னபோது தன் நேர்மையை நினைத்துத் தனக்கே கொஞ்சம் பெருமைப்பட்டார்.

"பத்தாம் நம்பர் ஒரு மட்ச்சுக்கு நாப்பத்தொரு தரம் பந்தைத் தொடுறார் அண்ணை" என்று சுதாஜினி விரலால் காட்டினாள். "அதில இருபத்தாறு தரம் மற்ற ரீமிட்டைக் குடுத்திடுறார்."

பத்து என்றால் சிவகரன். தவராசா தாளை ஒருமுறை உதறினார், எண் ஏதும் விழுந்தால் விழட்டும் என்பதுபோல.

"அவன் அஞ்சு கோல் போட்டவன் பிள்ளை."

"ஓம். அதில நாலுக்குப் பந்து குடுத்தது எட்டாம் நம்பர். எல்லாக் கணக்கிலயும் எட்டுத்தான் முதல். பந்தை மறிக்கிறது, பிழையில்லாமல் குடுக்கிறது, கடைசிப் பத்து நிமிசத்திலயும் ஓடுறது. எட்டு இல்லாட்டி உங்கட ரீம் பைனலுக்கு வந்திராது. எட்டாம் நம்பர் ஆரண்ணை?"

தவராசா சட்டைகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். எட்டாம் நம்பர் என்று ஒருவரும் இல்லையே.

எட்டு சனியின் எண். எட்டாம் திகதி நல்ல காரியம் தொடங்காத ஊரில் எட்டாம் நம்பர்ச் சட்டையை யார் போடுவார்? மூத்த விளையாட்டுக்காரருக்கு அவரவர் நம்பர் உண்டு. மற்றவர்கள் மைதானத்துக்கு வந்த ஒழுங்கில் பையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். கடைசியாக வருகிறவனுக்கு எட்டு. அதுதான் தண்டனை, அதுதான் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எழுதி வைத்த சட்டங்களைவிட அது ஒழுங்காக நடந்தது.

இதைக் கேட்டுச் சுதாஜினி பேனையை மூடினாள். "அப்ப மூண்டு கிழமையா நான் ஒரு சட்டையையோ எண்ணினனான்?"

"சட்டைக்குள்ள ஆள் இருந்தவன்தானே" என்றார் தவராசா.

"ஏழு மட்ச்சிலயும் ஆர் கடைசியா வந்தது?"

அதை நினைக்க அவருக்குக் கனநேரம் தேவைப்படவில்லை. நிரஞ்சன். ஆறு ஆட்டத்தில் நிரஞ்சன். ஓர் ஆட்டத்தன்று அவன் அக்காவின் கலியாணத்துக்கு வவுனியாவுக்குப் போய்விட்டான். அன்றைக்குத் தர்சன் வந்த பஸ் பழுதாகி, எட்டு தர்சனிடம் போனது. அந்த ஆட்டத்தில் யாரோ அடித்த பந்து தர்சனின் முதுகில் பட்டு கோலுக்குள் போனது.

பிரச்சினை என்னவென்றால், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதே நிரஞ்சனை நீக்குவதாகவும் இருந்தது. மூன்று தரம் பிந்தி வந்தால் அணியில் இடமில்லை என்று நிர்வாகம் போன வருடம் தீர்மானம் எடுத்திருந்தது. அவன் ஆறு தரம் பிந்திவிட்டான். கேட்டால், பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்பான். பின்னேரத்தில் யார் பால் எடுக்கிறார்கள் என்று எவரும் அவனைத் திருப்பிக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் தெரிவுசெய்ய இரண்டு பேர் வருகிறார்கள். நிரஞ்சனுக்கு இருபத்திரண்டு. அடுத்த வருடம் வயது போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அவன் பெயர் இல்லாவிட்டால் அவன் விளையாட்டு அத்தோடு சரி.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று தவராசாவுக்குத் தோன்றியது. அடுத்த நிமிடமே, இது வெண்ணெய்தானா என்றும் தோன்றியது. அவ்வளவு நன்றாக விளையாடுகிறவன் ஏன் நேரத்துக்கு வருவதில்லை? விளையாட்டில் விருப்பமில்லாதவன் கடைசிப் பத்து நிமிடமும் ஏன் ஓடுகிறான்? அன்றிரவு அவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து யோசித்ததில் குழம்பு ஆறியதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை வாசிகசாலையில் கூட்டம் கூடியது. தலைவர் செல்வநாயகம், நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தாள்களையும் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சனியைப் போலக் குடுப்பாரும் இல்லை, கெடுப்பாரும் இல்லை" என்றார். "விளங்குதோ? எட்டு எங்களுக்குத் திரும்பியிருக்கு."

"ஐயா, அது சட்டை இல்லை" என்று தவராசா தொடங்கினார். "அதுக்குள்ள நிண்டது நிரஞ்சன்."

"அப்ப தர்சன் போட்ட அண்டைக்கு எப்பிடிக் கோல் விழுந்தது? தர்சன் பிறந்த நாளிலயிருந்து கோல் போட்டவனோ?"

எல்லோரும் தர்சனைப் பார்த்தார்கள். தர்சன், இல்லை என்று நேர்மையாகத் தலையாட்டினான். அத்தோடு வழக்கு முடிந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் எங்கள் ஆட்களை யார் வெல்வது? ஆறு ஆட்டத்தில் நிரஞ்சன் மறித்த பந்து ஒன்றும் ஒருவருக்கும் நினைவில்லை. தர்சனின் முதுகில் பட்ட ஒரு பந்து எல்லோருக்கும் நினைவிருந்தது. வாங்குப் பலகையில் ஓரமாக இருந்த சுதாஜினி எழுந்து, ஒரு ஆட்டத்தை வைத்து அப்படிச் சொல்ல ஏலாது என்றாள். பிள்ளை படிச்ச பிள்ளை என்று நாலு பேர் மரியாதையாகச் சொல்லிவிட்டு, மறுபடி சட்டையைப் பற்றிக் கதைத்தார்கள்.

"மாமா, பைனலுக்கு எட்டை எனக்குத் தாங்கோ" என்றான் சிவகரன்.

"அதென்ன கதை? கடைசியா வாறவனுக்குத்தானே எட்டு?" என்று பின்னால் ஒரு குரல். அது சரிதான் என்று இன்னும் சில குரல்கள். சட்டத்தை மாற்றுவதில்லை என்று முடிவாயிற்று.

நிரஞ்சன் வாசலில் நின்றான். உள்ளே கதிரை இருந்தது. ஆனாலும் அவன் நிற்கிற இடம் எப்போதும் அதுதான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், எழுபத்தேழுக் கலவரத்தின் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவனுடையது. தாத்தா காலத்தில் வந்தவர்கள். இந்தப் பக்கத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து காணிக்காக வந்தது அதற்குக் கொஞ்சம் முன்புதான். என்றாலும் ஊர் இன்னும் அவர்களை 'வாய்க்காலுக்கு அங்காலை ஆக்கள்' என்றே சொல்லும்.

"தம்பி, நீ ஆறு தரம் பிந்தியிருக்கிறாய்" என்றார் செல்வநாயகம். "எத்தினை நிமிசம் எண்டு இந்தப் பிள்ளை வீடியோவைப் பாத்து எழுதித் தரட்டும். கணக்கு எண்டால் எல்லாத்துக்கும் கணக்கு. ஞாயிறு மைதானத்தில வைச்சு முடிவு சொல்லுவம். நீ மூண்டு மணிக்கு அங்க நிக்கவேணும்."

"ஓம் ஐயா" என்றான் நிரஞ்சன். அவன் பார்வை மேசையில் கிடந்த தாள்களில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தவராசா இரண்டே முக்காலுக்குச் சட்டைப் பையோடு மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினார். எதிரணி வந்து சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. மாவட்டத்திலிருந்து வந்த இருவரும் கொட்டகைக்குள் கதிரையில் இருந்து சோடா குடித்தார்கள். இளந்தென்றலில் ஒருவனையும் காணோம். மூன்று மணி. ஒருவனும் இல்லை. மூன்றேகால். இல்லை.

சிவகரனுக்கு அழைத்தார். "வந்துகொண்டிருக்கிறன் மாமா" என்றான். பின்னால் தேத்தண்ணிக் கடைப் பாட்டு கேட்டது. தர்சனுக்கு அழைத்தார். அவனும் வந்துகொண்டுதான் இருந்தான், அதே பாட்டோடு. கப்டனுக்கு அழைத்தபோது, "முதல் அவங்களை வரச் சொல்லுங்கோ அண்ணை" என்று பதில் வந்தது. அப்போதுதான் தவராசாவுக்கு விளங்கியது. பத்துப் பேரும் சந்திக் கடையில் நின்று, மற்றவன் முதலில் போகட்டும் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இவர்கள் படையில் பிந்தியவனுக்குப் பரிசு என்று ஆக்கிவிட்டார்கள். நாலு மணிக்கு ஆள் இறங்காவிட்டால் கிண்ணம் எதிரணிக்கு. சிரிப்பதா, சந்திக்குப் போய் ஒவ்வொருவனுக்கும் ஒன்று போடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் சுதாஜினி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். முகம் சரியில்லை.

"அண்ணை, நிரஞ்சன் பிந்தின நிமிசத்தை எழுதச் சொன்னீங்கள். எனக்கு என்ன எழுதுறதெண்டு தெரியேல்ல."

"ஏன், வீடியோ இல்லையோ?"

"இருக்கு. இதைப் பாருங்கோ." கைத்தொலைபேசியை நீட்டினாள். நேரலையை ஆட்டத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்பே போட்டுச் சத்தம் சரிபார்ப்பது வழக்கம். அந்தப் பகுதியை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. வெறும் மைதானத்தை யார் பார்ப்பார்? திரையின் மூலையில், மைதானத்துக்குப் பின்னால் போகிற பாதையில், மதகுக் கட்டில் ஒருவன் இருந்தான். பக்கத்தில் மருதமரத்தில் நீலச் சைக்கிள் சாத்தியிருந்தது. கரியரில் பால் கான் கட்டுகிற றப்பர்ப் பட்டி தொங்கியது. "இது முதலாவது மட்ச். ரெண்டரை மணி. இது மூண்டாவது. ரெண்டு முப்பத்திரண்டு. ஆறு மட்ச்சிலயும் இப்பிடித்தான். பூட்ஸும் போட்டபடி இருக்கிறார். எல்லாரும் சட்டை எடுத்து முடியுமட்டும் இருந்துபோட்டு எழும்பி வாறார். இவர் பிந்தி வரேல்ல அண்ணை. ஒவ்வொரு நாளும் முதல் வந்த ஆள் இவர்தான். நான் என்னெண்டு எழுத?"

தவராசா நிமிர்ந்து மைதானத்தின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அவர் வருகிற பாதை இது. அது மற்றப் பாதை. பதினொரு வருடத்தில் அந்தப் பக்கம் பார்க்க அவருக்குத் தேவை வந்ததில்லை. மருதமரத்தில் நீலச் சைக்கிள் சாத்தியிருந்தது. மதகுக் கட்டில் நிரஞ்சன் இருந்தான்.

பையையும் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே நடந்தார். எதிரணியின் பந்தொன்று காலில் வந்து தட்டியதைக்கூடத் திருப்பி அடிக்கவில்லை. நிரஞ்சன் அவரைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"எத்தினை மணிக்கு வந்தனீ?"

"ரெண்டரைக்கு அண்ணை."

"அப்ப அங்க வாறதுக்கென்ன? ஏன் இதில இருக்கிறாய்? எனக்கு ஒண்டும் விளங்கேல்ல நிரஞ்சன். ஆறு மட்ச்சா இதில இருந்து என்னத்தைப் பாத்துக்கொண்டிருந்தனீ?"

நிரஞ்சன் பூட்ஸின் கயிற்றைக் குனிந்து இறுக்கினான். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"மூண்டு வரியத்துக்கு முதல், இந்தச் சட்டையள் புதுசா வந்த அண்டைக்கு நேரத்தோட வந்தனான் அண்ணை. முதல் ஆளா வந்தனான். முதல் வாறவன் விரும்பினதை எடுக்கலாம் எண்டு சொன்னீங்கள். பத்தை எடுத்தன். அது சிவகரன்ர எண்டு வாங்கினீங்கள். ஏழை எடுத்தன். அதுக்கும் ஆள் இருக்கெண்டீங்கள். அஞ்சைப் போட்டிட்டன், போட்ட பிறகு கப்டன்ர எண்டு கழட்டச் சொன்னீங்கள். எல்லாரும் சிரிச்சவை." அவன் குரலில் கோபம் இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னான். "எட்டை ஒருத்தரும் கேக்காயினம். அதுதான் எல்லாரும் எடுத்த பிறகு வாறனான். பிறகு வந்தால் ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை."

தவராசாவுக்கு அந்த நாள் மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. சிரித்தவர்களில் முதலில் சிரித்தது அவர்தான். "உனக்கெண்டே எட்டு நிக்குது" என்று சொன்னதும் அவர்தான். நல்ல பகிடி என்று அன்றிரவு மனிசிக்கும் சொன்னார். அதற்குப் பிறகு அதை மறந்தும்விட்டார். அவன் மறக்கவில்லை.

"இண்டைக்கு மூண்டு மணிக்கு வரத்தான் இருந்தனான்" என்றான் நிரஞ்சன். "ஆனால் இண்டைக்கு எட்டுக்கும் ஆள் இருக்கு. நான் எதை எடுக்கிறது அண்ணை?"

தவராசாவுக்கு வெட்கமாக இருந்தது, தன் வயதில் பாதி இல்லாத ஒருவனுக்கு முன்னால் தலை நிமிர முடியாத வெட்கம். பையை மதகுக் கட்டில் வைத்துச் சிப்பை இழுத்துத் திறந்தார்.

"எடு. முதல் வந்தவன் நீ. விரும்பினதை எடு."

நிரஞ்சன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு பைக்குள் கையை விட்டான். மேலே கிடந்தது பத்து. அதை எடுத்து, மடிப்புக் குலையாமல் பக்கத்தில் வைத்தான். ஏழையும் அப்படியே வைத்தான். அடியில் கிடந்த எட்டை இழுத்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இது ஒருத்தரின்ரயும் இல்லைத்தானே?" என்று கேட்டான்.

"உன்ர" என்றார் தவராசா. "உன்ரதான். போடு."

மூன்று நாற்பதுக்குச் சந்திக் கடைப் படை ஒருவன் பின் ஒருவனாக வந்து சேர்ந்தது, வாய்க்கால் தண்ணீர் திறந்துவிட்டதுபோல. ஒருவன் பொறுமை இழந்து புறப்பட, மற்றவர்களும் புறப்பட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் கடைசியாக, பொறுமையில் எல்லோரையும் வென்றவனாக, சிவகரன் ஆறுதலாக நடந்து வந்தான். பைக்குள் கையை விட்டான். பத்து மட்டும் கிடந்தது.

"மாமா, எட்டு எங்க?"

"எடுத்தாச்சு."

"ஆர் எடுத்தது? நான்தானே கடைசி?"

"முதல் வந்தவன் எடுத்தவன்."

சிவகரனுக்கு அது விளங்கவில்லை. யாருக்கும் விளங்கவில்லை. செல்வநாயகம், சட்டம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று தொடங்கினார். சுதாஜினி அவரிடம் ஒரு தாளை நீட்டினாள். பிந்திய நிமிடம் என்று எழுதிய நிரலில் ஆறு இடத்திலும் பூச்சியம் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பூச்சியம் பூச்சியமாகவே இருந்தது.

"இது பிழை" என்றார்.

"பிழைதான் ஐயா" என்றார் தவராசா. "ஆனால் பிள்ளையின்ர கணக்கில இல்லை."

இதற்கிடையில் சிவகரன் பத்தாம் நம்பரைக் கையில் தூக்கிக்கொண்டு நிரஞ்சன் நின்ற பக்கம் நடந்தான். அவன் சண்டைக்குப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். மாற்றித் தருகிறாயா என்று கேட்கத்தான் போனான். கேட்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. அவன் கிட்டப் போனதுமே நிரஞ்சனின் இரண்டு கைகளும் தாமாகவே சட்டையின் கீழ் விளிம்பைப் பிடித்தன. பாதி வயிறுவரை சட்டை மேலே ஏறிவிட்டது.

"கழட்டாதை" என்றார் தவராசா.

அவர் நினைத்ததைவிடச் சத்தமாக அது வந்துவிட்டது. கொட்டகைக்குள் இருந்த மாவட்டத்துக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நிரஞ்சன் சட்டையைப் பிடித்தபடியே நின்றான், விடுவதா கழற்றுவதா என்று தெரியாதவனாக. தவராசா போய் அவன் கைகளைப் பிடித்து, விளிம்பிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, சட்டையைக் கீழே இழுத்து விட்டார்.

நடுவர் விசில் ஊதினார். லான்ட்மாஸ்டர் பெட்டிக்கு மேல் ஏறியிருந்த சுதாஜினி தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, "அண்ணை, இண்டைக்கும் நம்பரை மட்டுமோ எழுதுறது?" என்று மேலிருந்து கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை" என்றார் தவராசா. "பேரையும் எழுது."